மிஸ்ஸிஸிப்பி ஜான் ஹர்ட்: இருபது பாட்டும் முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியும்

1928ஆம் ஆண்டில் ஜான் ஹர்ட் என்ற கறுப்பின விவசாயி இரண்டு முறை ஊரைவிட்டுக் கிளம்பினார். பிப்ரவரியில் மெம்ஃபிஸ், டிசம்பரில் நியூயார்க். இரண்டு இடத்திலும் சேர்த்து ‘ஓகே’ என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு இருபது பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். பன்னிரண்டு வெளிவந்தன. அதற்குப் பிறகு 35 ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. 1963 மார்ச்சில் வாஷிங்டனிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் ஹர்ட் அமெரிக்கா முழுக்க அறியப்பட்ட கிட்டார் கலைஞர். 1966 நவம்பர் 2 அன்று இறந்துவிட்டார்.

தொலைந்துபோன கலைஞர் திரும்பக் கிடைத்தார் என்றுதான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். ஹர்ட் தொலையவே இல்லை. தன் பாட்டில் எந்த ஊரைத் தன் ஊர் என்று சொன்னாரோ அந்த ஊரிலேயே, பாட்டு வெளியான நாளிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாள்வரை வாழ்ந்தார். அறுந்துபோனது அவருக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தொடர்பு. அது எங்கே, எதனால் அறுந்தது, எப்படி மறுபடி ஒட்டியது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. கடைசிப் பகுதி அவர் விரல்களைப் பற்றியது. கிட்டார் பழகுகிறவர்கள் நேராக அங்கேயே போகலாம்.

ஊரும் பாட்டும்

மிஸ்ஸிஸிப்பி மாநிலம், கரோல் கவுண்டி, டியோக் என்ற இடத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1892 என்றும் 1893 என்றும் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. வளர்ந்தது பக்கத்திலுள்ள ஆவலான் என்ற சிற்றூரில். கிரீன்வுட், கிரெனடா என்ற இரு ஊர்களுக்கும் நடுவே, 7ஆம் எண் மாநிலச் சாலையோரம் இருக்கிறது அது. மேற்கே பார்த்தால் ‘டெல்டா’ எனப்படும் ஆற்றுச் சமவெளியின் தட்டையான பருத்தி நிலம். கிழக்கே மேடு எழும்பிக் குன்றுகள் தொடங்குகின்றன. ஆவலான் அந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் புவியியல் இசைக்கும் முக்கியம். ப்ளூஸ் என்பது தென்மாநிலக் கறுப்பினத்தவரிடம் பிறந்த பாட்டு வகை. ஹர்ட்டை ‘டெல்டா ப்ளூஸ்’ கலைஞர் என்று எழுதுவது இன்றும் நிற்கவில்லை, ஆனால் அது பிழை. டெல்டாவின் சார்லி பேட்டனையும் சன் ஹவுஸையும் கேளுங்கள். கரகரத்த குரல், கம்பியை அறைந்து எழுப்பும் ஒலி, ஒரே சுருதியில் நின்று அழுத்தும் இறுக்கம். ஹர்ட்டின் குரல் அடங்கியது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குப் பாடுவதுபோல இருக்கும். அவரிடம் இருந்த பாட்டுகளில் பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட வழக்கமான ப்ளூஸ் ஒரு பகுதிதான். கொலைக் கதைப் பாட்டு, ரயில்வே வேலைப் பாட்டு, ராக்டைம் நடன மெட்டு, தேவாலயப் பாட்டு, ஆபாசம் தடவிய வேடிக்கைப் பாட்டு என எல்லாம் உண்டு. ப்ளூஸ் என்ற வகை கெட்டிப்படும் முன்பே கிட்டாரைக் கையில் எடுத்த தலைமுறை அது. சனிக்கிழமை இரவு யார் வீட்டில் ஆட்டம் நடந்தாலும், வெள்ளையரோ கறுப்பரோ, அவரவர் கேட்டதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது வயது வாக்கில் கிட்டார் கைக்கு வந்தது. அம்மா ஒன்றரை டாலருக்கு வாங்கிக் கொடுத்தது. உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டுமென்று தனக்குத் தோன்றியதோ அப்படி ஒலிக்க வைத்ததாகத்தான் பின்னாளில் சொன்னார். ஊர் ஊராகச் சுற்றி மருந்து விற்கும் கூத்துக் குழுவொன்று அவரைக் கூப்பிட்டது. வீட்டைவிட்டுப் போக மனமில்லை என்று மறுத்துவிட்டார். இந்த ஒரு மறுப்பு அவருடைய தொழில் வாழ்க்கையில் பாதியை விளக்கிவிடும். அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

1928: என்ன நடந்தது

ஆவலானில் வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர் இருந்தார். அவருடைய கூட்டாளி ஷெல் ஸ்மித் கிட்டார் வாசிப்பார். ஸ்மித்தால் வர முடியாத நாள்களில் நார்மருக்குப் பக்கத்தில் ஹர்ட் உட்காருவார். நிறப் பிரிவினை சட்டமாக இருந்த மாநிலத்தில் நடன வீடுகளில் இதெல்லாம் சாதாரணமாக நடந்தது. நார்மருக்கு ஓகே கம்பெனியில் பதிவு வாய்ப்பு வந்தபோது, கம்பெனியின் தயாரிப்பாளர் டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டின் பெயரைச் சொன்னார்.

1928 பிப்ரவரி 14, மெம்ஃபிஸ். எட்டுப் பாட்டுகள் பதிவாகின. அந்தக் காலப் பதிவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த எட்டின் அருமை புரியும். சூடேற்றி இளக்கிய தடித்த மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாகக் கீறும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். வெட்டி ஒட்ட வழியில்லை. இரண்டாவது நிமிடத்தில் பிசகினால் புதுத் தட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய கூடத்தில் ஹர்ட்டை நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு நேரே தள்ளி, சரியான இடம் கிடைத்ததும் தலையை அசைக்கக் கூடாது என்றார்கள். பதற்றத்தில் இருந்ததாகவும் பல நாள் கழுத்து வலித்ததாகவும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் போன்ற மெல்லிய குரலைப் பதிக்க முடிந்ததே 1925க்குப் பிறகு பரவிய மின்பதிவால்தான். அதற்கு முந்தைய ஊதுகுழல் முறையில் உரக்கப் பாடாதவர்களுக்கு இடமில்லை.

எட்டில் இரண்டு மட்டும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்தன: ‘ஃப்ராங்கி’, ‘நோபடீஸ் டர்ட்டி பிசினஸ்’. தன் காதலனைச் சுட்டுக் கொன்ற பெண்ணின் பாட்டு ‘ஃப்ராங்கி’. அதில் கிட்டார் ஓடும் வேகத்தை இன்றும் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

நவம்பரில் ராக்வெல் ஹர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வாரம் ஊரைவிட்டு வர முடிந்தால் நியூயார்க் வரலாம். போக வரச் செலவு கம்பெனியுடையது. ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் 20 டாலர். எட்டுப் பாட்டுகளாவது தயார் செய்துகொண்டு வரவும், அதில் குறைந்தது நான்கு ‘ஃப்ராங்கி’ போலப் பழைய மெட்டாக இருக்கட்டும். டிசம்பர் 21இல் நான்கும் 28இல் எட்டும் பதிவாகின. ‘ஆவலான் ப்ளூஸ்’, ‘லூயிஸ் காலின்ஸ்’, ‘கேண்டி மேன் ப்ளூஸ்’, ‘ஸ்டாக் ஓ லீ ப்ளூஸ்’, ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ எல்லாம் அந்த இரண்டு நாளில் கிடைத்தவை. பன்னிரண்டில் பத்து வெளியாயின. ‘பிக் லெக் ப்ளூஸ்’ சோதனைத் தட்டாக மட்டும் தப்பிப் பிழைத்தது. ஆக, பதிவானது இருபது; கையில் இருப்பது பதின்மூன்று; ஏழு போய்விட்டன. அந்த ஏழில் ஆறு மெம்ஃபிஸில் பாடியவை.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மிஸ்ஸிஸிப்பியில் பருத்தி விதைப்பு வசந்தத்தில், பறிப்பு செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை இழுக்கும். பிப்ரவரி நடுவும் டிசம்பர் கடைசியும் நிலத்தில் வேலை ஓய்ந்த நாள்கள். குத்தகைப் பங்கு விவசாயி ஒருவர் ஊரைவிட்டு ஒரு வாரம் போய்வர முடிந்த காலம் அதுதான். ராக்வெல் ஜூனிலோ அக்டோபரிலோ கூப்பிட்டிருந்தால் ‘ஆவலான் ப்ளூஸ்’ பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

பாட்டுக்கு 20 டாலர் என்பது பங்கு விவசாயக் குடும்பத்துக்குப் பெரிய ரொக்கம். நிலக்காரர் விதையும் சாமானும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் பங்கை எடுத்து, ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கையில் எதுவும் மிஞ்சாத வாழ்க்கை அது. ஆனால் அந்தப் பணம் ஒரே தடவைதான். எத்தனை தட்டு விற்றாலும் பங்கு கிடையாது. ‘ஏற்றுக்கொள்ளப்படும்’ என்ற சொல்லை முடிவு செய்கிறவரும் கம்பெனிக்காரரே.

ஏன் நின்றது

மூன்று காரணம் தெரிகிறது. மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதலாவது, பட்டியல். ஓகே கம்பெனி கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளை 8000 வரிசையிலும், தென்மாநில வெள்ளையரின் பழைய மெட்டுகளை 45000 வரிசையிலும் விற்றது. ஹர்ட்டிடம் கம்பெனி கேட்டது பழைய மெட்டு; விற்ற இடமோ 8000 வரிசை. ‘ஃப்ராங்கி’யின் எண் 8560. அந்த வரிசையை வாங்கியவர்கள் அப்போது தேடியது வேறு. 1928 அக்டோபரில் டாம்பா ரெட், ஜார்ஜியா டாம் இருவரும் சிகாகோவில் பதிந்த ‘இட்ஸ் டைட் லைக் தட்’ போன்ற நகரத்து இரட்டைப் பொருள் பாட்டுகள் சந்தையை அடித்துக்கொண்டு போயின. அதே ஆவலானிலிருந்து, ஏறக்குறைய அதே நடன வீடுகளில் வாசித்த நார்மரும் ஸ்மித்தும் 45000 வரிசையில் ‘கரோல் கவுண்டி ப்ளூஸ்’ என்ற ஃபிடில் மெட்டை 1929இல் பதிந்தார்கள். அது நன்றாக விற்றது, மேலும் பல தட்டுகள் வந்தன. ஹர்ட்டின் இசையை விரும்பக்கூடிய கேட்பவர்களில் பாதிப் பேர் கடையில் வேறு அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். மூன்றில் இதுவே கனமான காரணம் என்று எங்களுக்குப் படுகிறது. கம்பெனியின் கண் அவருடைய தோலைப் பார்த்தது. காது என்ன கேட்டதென்று அதே கம்பெனியின் கடிதம் சாட்சி சொல்கிறது.

இரண்டாவது, பொருளாதாரப் பெருமந்தம். அமெரிக்காவில் 1927இல் பத்துக் கோடிக்கு மேல் விற்ற தட்டுகள் 1932இல் சுமார் 60 லட்சமாக விழுந்தன. கிராமத்துக் கலைஞர்களைத் தேடி வண்டி கட்டிப் போவதை எல்லாக் கம்பெனிகளும் நிறுத்தின.

மூன்றாவது, ஹர்ட் ஊரைவிட்டு நகரவில்லை. முப்பதுகளிலும் பதிவு வாய்ப்புக் கிடைத்த ப்ளூஸ் கலைஞர்கள் பெரும்பாலும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அல்லது ஊர் ஊராகச் சுற்றியவர்கள். இவர் பண்ணையில் உழுதார், ரயில் பாதையில் வேலை பார்த்தார், அரசின் நிவாரண வேலைத் திட்டத்தில் கூலிக்குப் போனார், மாடு மேய்த்தார். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு உடன்பட முடியாது. நியூயார்க் நல்ல ஊர்தான், ஆனால் எனக்கு இல்லை என்று அவரே பாட்டில் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்டத்துக்கு வாசிப்பது அவருக்கு முழுமையான இசை வாழ்க்கையாக இருந்தது.

பாட்டிலிருந்த முகவரி

1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் ‘ஃப்ராங்கி’யும் ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ஸும் இடம்பெற்றன. நகரங்களில் கிட்டார் பழகிய இளைஞர்கள் அந்தத் தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டார்கள். வாசித்தவர் எப்போதோ இறந்திருப்பார் என்பதே பொதுவான எண்ணம்.

வாஷிங்டன் வட்டாரத்தில் பழைய தட்டுகளைச் சேர்த்துவந்த ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட்டும் டாம் ஹாஸ்கின்ஸும் ‘ஆவலான் ப்ளூஸ்’ஸின் ஒலிநாடாப் படி ஒன்றைக் கேட்டபோது வேறு மாதிரி யோசித்தார்கள். ஆவலான் என் சொந்த ஊர் என்று பாட்டிலேயே இருக்கிறது. புழக்கத்திலிருந்த வரைபடங்களில் மிஸ்ஸிஸிப்பியில் அப்படி ஒரு ஊர் இல்லை. 1878ஆம் ஆண்டின் பழைய நிலப்படத் தொகுப்பில் இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு போனார். ஊர்க் கடை வாசலில் விசாரித்தபோது, இந்தச் சாலையில் ஒரு மைல், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று வழி சொன்னார்கள்.

ஹர்ட் முதலில் பயந்தார். வந்தவர் எஃப்.பி.ஐ. ஆள் என்று நினைத்தார். இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வது வழக்கம். காலத்தை நினைத்தால் சிரிக்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து கிரீன்வுட், கறுப்பின வாக்காளர் பதிவுப் போராட்டத்தின் மையம். பிப்ரவரி 28 இரவு ஊருக்கு வெளியே ஜிம்மி டிராவிஸ் என்ற இளம் செயல்வீரர் காரில் போகும்போது சுடப்பட்டார். மார்ச் கடைசியில் ஊர்வலத்தின் மேல் போலீஸ் நாயை ஏவியது. வாஷிங்டனிலிருந்து வரும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றால், நிலக்காரரின் இடத்தில் குடியிருக்கும் எழுபது வயது மனிதருக்கு வேறென்ன தோன்றும்?

அப்போது ஹர்ட்டிடம் சொந்தக் கிட்டார் இல்லை. ஹாஸ்கின்ஸ் தன்னுடையதைக் கொடுத்தார். விரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, கை மறக்கவில்லை.

இந்தத் தேடல் முறை உடனே இன்னொருவருக்கும் பலித்தது. அதே 1963இல் ஜான் ஃபாஹி, எட் டென்சன் இருவரும் புக்கா ஒயிட்டைத் தேடியபோது, அவர் பாட்டில் வந்த அபெர்டீன் என்ற ஊர்ப் பெயரை வைத்து, பழைய ப்ளூஸ் பாடகர் என்று குறித்து அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே கடிதம் போட்டார்கள். அது கைமாறி மெம்ஃபிஸில் இருந்த அவரிடம் போய்ச் சேர்ந்தது. 1964 கோடையில் ஸ்கிப் ஜேம்ஸும் சன் ஹவுஸும் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

மூன்றரை ஆண்டுகள்

ஹர்ட் வாஷிங்டனுக்குக் குடிவந்தார். 1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழா. அதே மாதம் நாடாளுமன்ற நூலகத்துக்காக விரிவான ஒலிப்பதிவு. ஒன்டாரியோ பிளேஸ் என்ற காபிக் கடையில் தொடர் நிகழ்ச்சி, கல்லூரிகள், ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி. முதல் இரண்டு இசைத்தட்டுகள் பீட்மாண்ட் என்ற சிறு கம்பெனிக்கு. பிறகு வான்கார்ட் கம்பெனிக்கு பேட்ரிக் ஸ்கை தயாரிப்பில் மூன்று: ‘டுடே!’ 1966இல் வந்தது; ‘தி இம்மார்ட்டல்’ 1967இலும், 1966 பிப்ரவரி, ஜூலை மாதங்களில் பதிந்த ‘லாஸ்ட் செஷன்ஸ்’ 1972இலும் அவர் மறைவுக்குப் பின் வந்தன.

நியூபோர்ட் அறக்கட்டளை அவருக்குக் கிட்டார் வாங்கித் தர முன்வந்து, நியூயார்க் கடையில் எதை வேண்டுமானாலும் எடுக்கச் சொன்னது. அலங்காரமான விலையுயர்ந்த கிட்டார்கள் இருக்க, அவர் எடுத்தது கில்ட் எஃப்-30 என்ற எளிய, நடுத்தர அளவுக் கிட்டார். மரியாதைக்காக மட்டும் எடுத்த முடிவாக இதைப் பார்க்கக் கூடாது. விரலால் மெல்ல மீட்டுகிறவருக்குப் பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அடிக்கம்பி பொங்கி மேல்கம்பியை மூடிவிடும். எஃப்-30 அளவில் இரண்டும் சமமாக நிற்கும். காது சொன்னதை அவர் கேட்டார்.

கசப்பான பகுதி ஒப்பந்தம். கண்டுபிடித்தவர்கள் ‘மியூசிக் ரிசர்ச்’ என்ற நிறுவனத்தின் பெயரில் 1963 மார்ச்சிலேயே ஹர்ட்டோடு ஒப்பந்தம் செய்தார்கள். பின்னர் அந்த நிறுவனத்துக்கும் வான்கார்டுக்கும் நடந்த வழக்கு, ஹர்ட் இறந்து பத்தாண்டு கழித்து, 1976இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, கட்டமைப்பைப் பார்ப்பது பயன் தரும். 1928இல் கடிதமொன்று தொகையைத் தீர்மானித்தது. 1963இல் ஒப்பந்தத்தாள் ஒன்று உரிமையைத் தீர்மானித்தது. இரண்டு முறையும் மறுபக்கம் இருந்தவர் சட்ட ஆலோசனை ஏதுமில்லாத பண்ணைத் தொழிலாளி. இரண்டாம் முறை வந்தவர்கள் அவர் இசையை உண்மையாகவே நேசித்தவர்கள். ஒப்பந்தச் சிக்கலுக்கு அது மருந்தாகவில்லை. 

கடைசியில் ஹர்ட் மிஸ்ஸிஸிப்பிக்கே திரும்பி, கிரெனடாவில் குடியேறினார். அங்கேதான் மாரடைப்பில் இறந்தார். கல்லறை ஆவலான் குன்றில், மரங்களுக்கு நடுவே. அவர் வாழ்ந்த சிறு வீட்டைப் பேத்தி அருங்காட்சியகமாகக் காத்துவந்தார். 2024 பிப்ரவரியில் அது தீயில் எரிந்துபோனது.

விரல்கள்

ஹர்ட்டின் வலது கையில் வேலை செய்வது மூன்று விரல்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிட்டாரின் முகப்பலகையில் ஊன்றி நிற்கும். விரலுறை இல்லை, வெறும் விரல். கட்டைவிரல் ஒவ்வோர் அடியிலும் அடிக்கம்பிகளை மாற்றி மாற்றி மீட்டும், நிற்கவே நிற்காது. மற்ற இரண்டும் மேல்கம்பிகளில் பாட்டின் மெட்டை வாசிக்கும். தனி ஆள் ஒருவர் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது தாளமும் மெட்டும் அவரேதான். அந்தத் தேவையிலிருந்து பிறந்த முறை இது.

தொடங்க நல்ல பாட்டு ‘லூயிஸ் காலின்ஸ்’ அல்லது ‘கேண்டி மேன்’. சாதாரண சுருதி, சி வடிவம். மெல்லிய கம்பியை 1 என்றும் தடித்ததை 6 என்றும் எண்ணுவோம். இடது கையில் மோதிரவிரல் 5ஆம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் 4ஆம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி 2ஆம் கம்பி முதல் ஃப்ரெட். வலது கட்டைவிரல் 5, 4, 5, 4 என்று போகட்டும். கை பழகியதும் 5, 4, 6, 4. ஆறாம் கம்பிக்கு மோதிரவிரல் அதே மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகரும், அப்போது அடியில் ஜி சுரம் வரும். எஃப் வடிவத்துக்கு அவர் ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்துவதில்லை; இடது கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து 6ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டைப் பிடிப்பார். மற்ற விரல்கள் மெட்டுக்கு விடுதலையாகின்றன.

பழகும் வரிசை இப்படி இருந்தால் கை கெடாது. மெட்ரோனோம் 60இல் கட்டைவிரல் மட்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வாசிக்க முடிகிறவரை. பிறகு முதல் அடியில் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து ஒரு கிள்ளு. அடுத்து, அதே மேல் சுரத்தை இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே, அரையிடத்தில் வையுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் தடுமாறும்: நடுவிரல் தனியாக விழும்போது கட்டைவிரலும் கூடவே தாமதிக்கும். இரண்டு விரலும் சேர்ந்தே அசைந்து பழகியதால் வரும் கோளாறு இது. வேகத்தைப் பாதியாக்கி, அந்த ஒரு சுரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைத்தால் சரியாகும். வேகம் கூட்டினால் கோளாறு மறைந்ததுபோல் தோன்றும். பாட ஆரம்பித்ததும் திரும்பி வரும்.

அதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. ஹர்ட்டின் வாசிப்பை ஒரு மாறாத விரல் வரிசையாகக் கற்றுக்கொண்டு, எல்லா அடியிலும் அதையே சுற்றுவது. அவரிடம் அப்படிப்பட்ட வரிசை கிடையாது. கட்டைவிரல் மட்டும்தான் மாறாதது. மேல்விரல்கள் பாடும் மெட்டைப் பின்தொடர்கின்றன. அதனால் சொல்லுக்குச் சொல் மாறும். பல இடங்களில் அவர் வரியின் கடைசிச் சொற்களைப் பாடாமல் விட்டுவிடுவார், கிட்டார் அதைச் சொல்லி முடிக்கும். ஆகவே முதலில் பாட்டைப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மெட்டை மேல்கம்பிகளில் தேடுங்கள், கட்டைவிரலைக் கடைசியில் சேருங்கள்.

‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ ஜி வடிவத்தைவிட்டு ஏறக்குறைய நகர்வதே இல்லை. கட்டைவிரல் 6, 4, 6, 4. கை வேலை குறைவு, ஆனால் மூன்று நிமிடம் ஒரே வடிவத்தில் கேட்பவரைப் பிடித்து வைக்க, ஒவ்வொரு மேல் சுரத்தின் கனமும் சரியாக விழ வேண்டும். ‘ஃப்ராங்கி’க்குச் சுருதியை மாற்ற வேண்டும்: 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால், தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. ‘பே டே’வுக்கு 6, 2, 1 கம்பிகளை முழுச் சுரமும் 3ஆவதை அரைச் சுரமும் இறக்கினால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி.

அடிக்கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி மழுக்குவது கன்ட்ரி இசைக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் வழி வந்தவர்களின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஹர்ட்டின் பாட்டுக்கு வருகிறவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். இங்கே அடிக்கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கும், ஆனால் மெட்டைவிட ஒரு படி மெல்லியதாக.

கேட்பதற்கு, 1928இன் பதின்மூன்று பதிவுகள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. ‘லூயிஸ் காலின்ஸ்’, ‘ஸ்பைக் டிரைவர்’, ‘கேண்டி மேன்’ மூன்றும் ‘டுடே!’ தட்டிலும் உண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு வடிவிலும் அடுத்தடுத்துப் போடுங்கள். பின்னது நிதானமானது, குரல் தாழ்ந்தது. நாடாப் பதிவு என்பதால் கட்டைவிரல் எந்தக் கம்பியில் விழுகிறதென்று தெளிவாகக் கேட்கும். விரலமைப்பை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அது கைக்குள் வந்தபின் 1928இன் வேகத்துக்குப் போகலாம். ‘ஃப்ராங்கி’யை மட்டும் கடைசிக்கு வையுங்கள்.